இடமிருந்து வலமாக

அடி அண்ணாமலை,
11.6.2001

செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் மணிமொழி. அடி அண்ணாமலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் அருணை சேவா கிளப் ஹாலில், மேடைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறது. 1990-ஆம் வருஷப் பதவியேற்பு விழாவில் ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின் கொடுக்கிற படம். அந்தப் பெண் நான்தான். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் நிற்பது என் மகள் கவிநிலா.

அந்தப் படத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆவணி பிறப்பதற்குள் கழற்றினால் போதும். மெஷினைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். இன்னும் நன்றாக ஓடுகிறது. பெல்ட் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பதிலைத் தபாலில் எழுதுங்கள். போன் வேண்டாம். என்னிடம் போன் கிடையாது, பக்கத்து மளிகைக் கடையில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், நான் பேசி முடிக்கும் வரை யாரும் சாமான் வாங்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மணிமொழி


தேரடி வீதி, திருவண்ணாமலை,
18.6.2001

அன்புடையீர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் பக்ருதீன். தேரடி வீதியில் பெயிண்ட் கடை. இந்த வருஷம் கிளப்புக்குச் செயலாளர். வேறு யாரும் கை தூக்காததால் செயலாளர் ஆனவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கிளப்பில் சேர்ந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது, ஆகவே நீங்கள் சொல்லும் விழாவில் நான் இல்லை.

ஹாலுக்குப் போய்ப் படத்தைப் பார்த்தேன். பெரிய படம்தான். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு இருக்கிறது. அதைக் கழற்றுவதில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

கிளப் விதிப்படி, ஹால் சுவரில் மாட்டிய எதையும் எடுப்பதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும். போன வருஷம் நின்றுபோன கடிகாரம் ஒன்றைக் கழற்றவே இரண்டு கூட்டம் ஆயிற்று. அடுத்தது, அந்தப் படத்தில் நடுவில் தங்கப் பட்டையோடு நிற்கும் அப்போதைய தலைவர் தசரதன் காலமாகிவிட்டார். அவர் மனைவி சந்திரகலா அம்மாள் ஹாலுக்கு நான்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார், அந்தப் படம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற பேச்சோடு. படம் போனால் விசிறியும் போய்விடுமோ என்று உறுப்பினர்களுக்கு பயம். மூன்றாவது, நீங்கள் காரணம் எழுதவில்லை. காரணம் இல்லாமல் நான் கூட்டத்தில் எழுந்தால் என்னைக் கேலி செய்தே உட்கார வைத்துவிடுவார்கள்.

அடி அண்ணாமலை ஒன்றும் தூரமில்லையே. கிளப் பக்கம் ஒரு எட்டு வந்தால் நேரிலேயே பேசிக்கொள்ளலாம். மெஷினைத் திருப்பித் தரும் பேச்சே வேண்டாம், கொடுத்தது கொடுத்ததுதான்.

அ. பக்ருதீன்
செயலாளர்


அடி அண்ணாமலை,
24.6.2001

செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நேரில் வர மாட்டேன். அன்றைக்கு அந்தப் படியை விட்டு இறங்கியவள் இதுவரை ஏறவில்லை. இனி ஏறினால் என் மகளின் நிச்சயதார்த்தத்துக்குத்தான் ஏறுவேன். காரணமும் அதுதான்.

கவிநிலாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். பெயர் இளவரசன். நல்ல பையன், பாலிடெக்னிக்கில் வேலை. ஆவணி 10, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். ஹால் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது. அவர்கள் உங்கள் ஹாலைப் பிடித்திருக்கிறார்கள். பையனின் பெரியப்பா உங்கள் உறுப்பினர், அதனால் வாடகை கம்மி. வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்பார்கள்.

படத்துக்குக் கீழே ஒரு பலகையில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். "ஆதரவற்ற விதவைக்குத் தையல் இயந்திரம் வழங்கும் விழா." அதற்கு அடுத்த வரியில், இடமிருந்து வலமாக என்று போட்டு எல்லாருடைய பெயரும் இருக்கிறது. கல்லூரியிலிருந்து ரத்தப் பரிசோதனை முகாமுக்கு வந்த கவிநிலா அதைப் படித்துவிட்டு வந்து, படத்தில் யார் எப்படி நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்து என்னிடம் ஒப்பித்தாள்.

என் வீட்டுக்காரர் முருகையன் உயிரோடு இருக்கிறார். அன்றைக்கும் இருந்தார். பம்பாய்க்குக் கட்டட வேலைக்குப் போனவரிடமிருந்து வருஷக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. உங்கள் ஆட்கள் வீடு பார்க்க வந்தபோது இதை அப்படியே சொன்னேன். வந்தவர், "இந்தத் திட்டம் விதவைங்களுக்கு மட்டும்தாம்மா. வருஷக்கணக்கா ஆள் இல்லைன்னா அதுவும் அதே கணக்குதான்"னு சொல்லி எழுதிக்கொண்டு போனார். எனக்கு மெஷின் தேவைப்பட்டது. வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன. இரண்டு வருஷம் கழித்து இவர் ஒரு டிரங்குப் பெட்டியோடும் இருமலோடும் திரும்பி வந்தார். இப்போது கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கிறார்.

நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டை மாற்ற அவர்தான் என் பக்கத்தில் உட்கார வேண்டும். சபைக்கு எதிரே அந்தப் பலகை. படித்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள், அப்படியென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று. இந்தக் கேள்வி எழுந்த சபையில் என் மகளுக்கு யார் பூ வைப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையனின் பெரியப்பா அரிசி மண்டி கண்ணாயிரம். அன்று வீடு பார்க்க வந்தவரும் அவர்தான். படத்தில் என் பக்கத்தில் மெஷின்மேல் கை வைத்துக்கொண்டு நிற்பவரும் அவர்தான். பெண் பார்க்க வந்து, என் எதிரில் உட்கார்ந்து, என் கையால் பஜ்ஜியும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆகவே கூட்டத்தில் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

படத்தில் நீங்கள் இல்லை. அதனால்தான் உங்களிடம் இதையெல்லாம் எழுதுகிறேன்.

மணிமொழி


தேரடி வீதி,
10.7.2001

சகோதரி மணிமொழி அவர்களுக்கு,

முந்தாநாள் கூட்டம் நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆள் சேர்வதற்குள் போண்டா ஆறிவிட்டது. தலைவர் மணியடித்தார். கடவுள் வாழ்த்து, போன கூட்ட அறிக்கை, கண் சிகிச்சை முகாமுக்கு யார் பந்தல் போடுவது என்ற சண்டை எல்லாம் முடிந்த பிறகு நான் எழுந்தேன். படத்தில் உள்ள அம்மாவின் கணவர் உயிரோடு இருக்கிறார், குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் வருகிறது, படத்தை எடுத்துவிடக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

முதலில் எழுந்தவர் கண்ணாயிரம். "யாருங்க அத்த எடுக்கச் சொல்றது? மாவட்டத் தலைவரே நிக்கிற படம். நம்ம கிளப்புக்கே மொகம் அதுதாங்க. எடுத்துட்டு அங்க என்னா, காலண்டரா மாட்டப் போறோம்?" என்றார்.

ஜவுளிக்கடை மாறன், அந்தம்மா யார் என்று கேட்டார். பெயர் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார் என்றேன். "பேரு கெடக்குது விடுங்க"ன்னார் கண்ணாயிரம். "அன்னைக்கு லிஸ்ட்ல விதவைன்னு இருந்துச்சு, குடுத்தோம். இப்ப புருஷன் வந்துட்டாருன்னா நமக்கும் சந்தோஷம்தான். அதுக்காக சொவத்த காலி பண்ண முடியுமா?"

கிளப்பின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிந்தால் விதவை அல்லாதவருக்கு மெஷின் கொடுத்ததாகக் கேள்வி வரும் என்று ஒருவர் பயந்தார். விசிறியை இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். எல்லாரும் ஒரு முறை மேலே பார்த்தார்கள்.

கடைசியில் கண்ணாயிரமே ஒரு வழி சொன்னார். "படத்த ஸ்டுடியோவுல குடுங்க. டச்சப் பண்றவன் அந்தம்மா நெத்தில ஒரு பொட்டு வெச்சுத் தந்துடுவான். பத்து நிமிஷ வேலை. பொட்டு இருந்தா அப்புறம் யாரு விதவைனு சொல்லப் போறாங்க?" இதைக் கேட்டு எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். கீழே எழுதியிருப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. படம் குறித்து முடிவெடுக்க ஒரு துணைக்குழு போட்டார்கள். அதன் தலைவர் கண்ணாயிரம்.

உங்கள் சம்மதம் இருந்தால் ஸ்டுடியோவில் பேசுகிறேன். எனக்கும் அது ஒரு வழியாகத்தான் தெரிகிறது. பலகையையும் சேர்த்து ஏதாவது செய்யலாம்.

பக்ருதீன்


அடி அண்ணாமலை,
14.7.2001

செயலாளர் அவர்களுக்கு,

பொட்டு வைக்க வேண்டாம்.

அன்று காலையில் நான் பொட்டோடுதான் ஹாலுக்கு வந்தேன். தாலியும் கழுத்தில் இருந்தது, ரவிக்கைக்குள். மாவட்டத் தலைவர் வர நேரமாகிவிட்டது, மூன்று மணி நேரம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கவிநிலா பசி என்றாள். எழுந்து போனால் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடுவேனோ என்று அவளை அதட்டி உட்கார வைத்தேன். பெயர் படிக்கவில்லை, "அடுத்தது தையல் மெஷின்" என்றுதான் மைக்கில் கூப்பிட்டார்கள். மேடை ஏறினோம். எல்லாரும் மெஷினைச் சுற்றி நின்று அதன்மேல் கை வைத்தார்கள். எனக்குக் கை வைக்க இடம் இல்லை.

அப்போதுதான் கண்ணாயிரம் என் பக்கம் குனிந்தார். "பொட்ட கொஞ்சம் எடுத்துடும்மா. போட்டோவுல விதவைனு தெரியணும் இல்ல?" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். கைக்குட்டையையும் அவரே நீட்டினார். சென்ட் போட்ட கைக்குட்டை. நான் துடைத்துக்கொண்டேன். கவிநிலா அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவள் மட்டும் என்னைப் பார்க்கிறாள். போய்ப் பாருங்கள்.

இறங்கி வந்ததும் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். இவர் உயிரோடு வர வேண்டும் என்று அதுவரை வேண்டியதில்லை, அன்றைக்கு வேண்டினேன். வந்தவரிடம் இன்று வரை இதைச் சொல்லவில்லை.

எடுக்கச் சொன்னவரே இப்போது வைக்கச் சொல்கிறார். பத்து நிமிஷ வேலை என்கிறார். உங்கள் கிளப் நினைத்தபோது எடுத்து, நினைத்தபோது வைப்பதற்கு என் நெற்றி என்ன உங்கள் ஹால் சுவரா?

கோபமாக எழுதிவிட்டேன். அது உங்கள் மேல் இல்லை. கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாமா என்று யோசித்தேன், வெள்ளைக்காரர்களுக்கு நான்கு தொளதொள பேண்ட் நாளைக்குள் ரமணாசிரமம் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நேரமில்லை.

மணிமொழி


தேரடி வீதி,
30.7.2001

சகோதரி மணிமொழி அவர்களுக்கு,

ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ஹாலைத் திறந்து படத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது சரி. குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை. அந்தச் சுவருக்கு எதிரே எத்தனை கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன், எத்தனை போண்டா தின்றிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி வஜீதாவிடம் சொன்னேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் சொல்லவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தம்மா பேரு என்னான்னு எழுதியிருக்குது அதுல?" நான், "மெம்பருங்க பேரு மட்டும்தான் இருக்குது"ன்னேன். எனக்கு எடுத்துவைத்த குழம்பை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் உள்ளேயிருந்தே சொன்னாள், "நீங்க விக்கிறது பெயிண்ட்டுதானே?"

ஆகவே எனக்கு ஒன்று தோன்றியது. படத்தை எடுக்கத் தீர்மானம் வேண்டும். ஆனால் ஹாலில் பெயிண்ட் வேலை செய்யத் தீர்மானம் வேண்டாம். அது செயலாளரின் பொறுப்பு, விதியிலேயே இருக்கிறது. படத்துக்குக் கீழே உள்ள பலகை மரப்பலகை. எழுத்து மங்கி உரிந்திருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதினால் அது பராமரிப்பு வேலை.

இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "தையல் இயந்திரம் வழங்கும் விழா, 1990." பிறகு இடமிருந்து வலமாகப் பெயர்கள். அந்த வரிசையில் உங்கள் இடத்தில் "திருமதி மணிமொழி முருகையன்" என்று. திருமதி என்று போட்டுக் கணவர் பெயரும் இருந்துவிட்டால் சபையில் ஒரு கேள்வியும் வராது. நெற்றியை யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை.

கண்ணாயிரத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் பெயர் அவர் பெயருக்கு அடுத்தாற்போல்தான் வரும்.

பக்ருதீன்


அடி அண்ணாமலை,
4.8.2001

பாய் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு நாள் யோசித்தேன். பலகையை மாற்றி எழுதுங்கள்.

ஆனால் இவர் பெயர் வேண்டாம். இவர் அன்றைக்கு அங்கே இல்லை. பலகையில் இடமிருந்து வலமாக என்று போட்டால், படத்தில் நிற்பவர்களின் பெயர்தான் வர வேண்டும். இல்லாதவர் பெயரை எழுதினால் அதுவும் இன்னொரு பொய். நாங்கள் இப்போது சண்டை சச்சரவில்லாமல்தான் இருக்கிறோம், அது வேறு. "மணிமொழி, அடி அண்ணாமலை" என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு "கவிநிலா." அவளும்தான் நிற்கிறாள்.

திருமதியும் வேண்டாம். விதவை என்ற சொல் போனால் போதும். கேள்வி வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கண்ணாயிரத்துக்குத் தெரிந்தாலும் தெரியட்டும். முதல் கடிதம் எழுதியபோது இந்தத் துணிச்சல் இல்லை. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் படத்த எதுக்கும்மா எடுக்கணும்? நாம தப்பு பண்ணலியே"ன்னு கேட்டாள்.

நிச்சயம் நின்றுபோனால் என்ன செய்வாய் என்றும் கேட்டேன். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. இருந்தும், "எழுதச் சொல்லும்மா"ன்னாள். எனக்கு பயமாகத்தான் இருக்கிறது.

மணிமொழி


தேரடி வீதி,
22.8.2001

சகோதரி அவர்களுக்கு,

பலகை எழுதியாகிவிட்டது. கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. நம் கடைக்கு வரும் ஆர்ட்டிஸ்ட் சுஹைலை வைத்து எழுதினேன். துணைக்குழு இன்னும் கூடவில்லை. எப்படியும் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் கூட மாட்டார்கள்.

தலைவர் வந்து பார்த்தார். "பளிச்சுனு இருக்குது பாய்" என்றார். தன் பெயர் அதில் இல்லாததால் மேற்கொண்டு படிக்கவில்லை.

நான் நிச்சயத்துக்கு வரப்போவதில்லை. என்னைப் பார்த்தால் உங்களுக்குப் படபடப்பாக இருக்கும், எனக்கும்தான். சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடுகிறேன். நல்லபடியாக நடக்க துவா செய்கிறோம். வஜீதாவும் சொல்லச் சொன்னாள்.

பக்ருதீன்


அடி அண்ணாமலை,
30.8.2001

பாய் அவர்களுக்கு,

நிச்சயம் முடிந்தது. ஐப்பசியில் கல்யாணம்.

நானும் இவரும் மேடையில் உட்கார்ந்ததும் நேர் எதிரே படம். தட்டு மாற்றும்வரை அதன் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. மஞ்சள் எழுத்து அங்கிருந்தே தெரிந்தது. பத்திரிகை வாசித்தார்கள், தட்டு மாற்றினார்கள், கவிநிலாவுக்குப் பூ வைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அத்தனை நாள் பயந்தது எதுவும் நடக்கவில்லை என்பதில் நிம்மதியோடு ஒரு ஏமாற்றமும் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பிறகு இவர் இறங்கிப் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக, எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "உன் பேரு இருக்குது. பாப்பா பேரு இருக்குது"ன்னார். முதலிலிருந்து மறுபடி பார்த்துவிட்டு, "என் பேரு இல்ல"ன்னார். "நீ அப்ப பம்பாய்ல இருந்த"ன்னேன். படத்தில் என் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்குது"ன்னு சொல்லிவிட்டுப் பந்தி போடும் பக்கம் போனார். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நானாக எதுவும் சொல்லவில்லை.

கண்ணாயிரம் சம்பந்தி நாலைந்து உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு படத்திடம் வந்தார். வந்தவர்களுக்குச் சந்தனம் குங்குமம் கொடுக்கும் தட்டோடு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் விரலை நீட்டி இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார். தசரதன் பெயர் வந்தபோது உச்சுக் கொட்டினார். தன் பெயர் வந்தது. "அரிசி மண்டி கண்ணாயிரம்"னு படித்தார். அத்தோடு நிறுத்திவிட்டார். அடுத்த பெயர் என்னுடையது, விரல் அதுவரை வரவில்லை. "அன்னைக்கு எவ்ளோ ஒல்லியா இருந்தேன் பாருங்க. இப்பதான் சதை ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு சொல்லிச் சிரித்தார். அப்படியே திரும்பி என் தட்டிலிருந்து சந்தனத்தைத் தொட்டு எடுத்துக்கொண்டு, "சாப்பாடு ரெடியா சம்பந்தி?"ன்னு கேட்டார்.

ரெடி என்றேன். சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. தட்டை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

நீங்கள் செய்ததற்கு நன்றி. வஜீதா அம்மாவிடம் ரவிக்கை அளவு வாங்கி அனுப்புங்கள். தைத்துத் தர ஆசை.

மணிமொழி


தேரடி வீதி,
6.12.2001

சகோதரி அவர்களுக்கு,

கல்யாணத்துக்கு வந்து பிரியாணி தேடியவன் நான் ஒருவன்தான் என்று கண்ணாயிரம் இன்னும் கேலி செய்கிறார். ரவிக்கைகள் வந்து சேர்ந்தன. வஜீதா இனி வேறு யாரிடமும் தைக்கக் கொடுக்க மாட்டாளாம்.

இந்தக் கடிதம் வேறு காரணத்துக்கு. தீபத்துக்கு கிரிவலம் வருகிறவர்களுக்குக் கொடுக்க, வழக்கம்போல் ஹாலில் புளிசாதம் பொட்டலம் கட்டினோம். உறுப்பினர்கள் குடும்பத்தோடு வருவார்கள், தெரியுமே. கண்ணாயிரம் வீட்டிலிருந்து அவர் மனைவி பச்சையம்மாள், இளவரசன், கவிநிலா எல்லாரும் வந்திருந்தார்கள். கவிநிலா இலையை விரித்துக்கொண்டே, மணி என்ன என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "பெரிய மாமா, அந்தப் படத்துல உங்க பக்கத்துல நிக்கிறது எங்கம்மா. மெஷினுக்குப் பின்னால நானு."

அவர் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பலகையைப் படித்தார். இந்த முறை தன் பெயரைத் தாண்டிப் படித்தார். படத்தைப் பார்த்துக்கொண்டு நிரம்ப நேரம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து பொட்டலம் கட்டினார், ஆனால் நூலைச் சுற்றியபடியே இருந்தார், முடிச்சுப் போடவில்லை. பச்சையம்மாள்தான் கையிலிருந்து வாங்கிக் கட்டினார்.

நேற்று கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் எல்லாரும் போகும்வரை டப்பாக்களில் உள்ள வண்ணங்களைப் பார்ப்பதுபோல் நின்றார். பிறகு கேட்டார். "பாய், நா அன்னைக்கு அந்தம்மாகிட்ட ஏதாச்சும் பேசுனனா? படத்துல நா அவங்க பக்கம் சாஞ்ச மாதிரி நிக்கிறேன். கைல கர்ச்சீப் இருக்குது. இன்னா சொன்னேன்னு நெனப்பே வரமாட்டேங்குது. அப்ப நீங்க கிளப்ல இல்ல, தெரியும். இருந்தாலும் உங்ககிட்டதான அந்தம்மா எழுதியிருப்பாங்க?"

உங்கள் கடிதங்கள் கல்லாப் பெட்டியில், என் முழங்கைக்குக் கீழே இருந்தன. தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தேவையில்லாமல் ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் பெண் அந்த வீட்டில் வாழ்கிறாள். சொல்லச் சொன்னால் சொல்கிறேன், வேண்டாமென்றால் மறந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறேன். என்ன சொல்லட்டும்?

பக்ருதீன்


அடி அண்ணாமலை,
10.12.2001

பாய் அவர்களுக்கு,

கவிநிலா என்னைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சொன்னது நல்லதாகப் போயிற்று.

நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். மறந்துவிட்டதாகவும் சொல்ல வேண்டாம், நீங்கள் எனக்காக ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர் கேட்பது என்னிடம் சொன்ன வார்த்தையை. என்னைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, வீட்டில்தான் இருப்பேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

கேட்டால் சொல்லுவேன். ஒரு சொல் கூடவும் குறையவும் மாட்டாது. கேட்க வாய் வராமல் காபி குடித்துவிட்டுப் போனாலும் உபசாரத்தில் குறை வைக்க மாட்டேன், சம்பந்தி சம்பந்திதான்.

வரும்போது பச்சையம்மாள் அக்காவையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த சுமங்கலியைக் குங்குமம் கொடுக்காமல் நான் அனுப்புவதில்லை. குங்குமச் சிமிழ் சாமி மாடத்தில் உயரத்தில் இருக்கும், எனக்கு எட்டாது. கண்ணாயிரம் சம்பந்தியைத்தான் எடுத்துத் தரச் சொல்லப்போகிறேன்.

மணிமொழி